வேலைக் கணக்கு யார் கையில்?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் கணிதம் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு கணக்கைக் கொடுத்தால் அதனை முடிக்கும்வரை தலை நிமிராத சுபாவம் உடையவன். இப்பொழுது யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே, கடல் கடந்த நிறுவனம் ஒன்றுக்குக் கணினியில் வேலை செய்கிறான். நல்ல சம்பளம், பெற்றோருக்கும் மனநிறைவு. ஆயினும் பிள்ளையின் முகத்தில் பழைய தெளிவைக் காணவில்லை. தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் மெல்ல விசாரித்தேன்.

அவன் கூறியது எனக்குப் புதுமையாக இருந்தது. அவனுடைய கணினிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத காவற்காரன் ஒருவன் குடியிருக்கிறானாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவன் திரையைப் படம் பிடிப்பான். விசைப்பலகையில் எத்தனை தட்டுகள் விழுந்தன, சுட்டி எத்தனை முறை அசைந்தது என்று எண்ணுவான். அசைவு குறைந்தால், அதனை "வேலை செய்யாத நேரம்" என்று குறித்துவிடுவான்.

"சேர், கை அசைஞ்சால்தான் கணக்கு. மூளை அசைஞ்சால் கணக்கில்லை" என்றான்.

கடினமான பகுதி ஒன்று வந்தால், தாளை எடுத்துப் பேனையாற் படம் வரைந்து யோசிப்பது அவனுடைய பழைய வழக்கம். அவ்வாறு யோசித்த நாள்களில் எல்லாம் அவனுக்குப் புள்ளி குறைந்தது. ஆகவே இப்பொழுது வலக்கையால் எழுதும்போதே இடக்கையாற் சுட்டியைச் சும்மா அசைத்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டான். "வேலையிலும் பார்க்க இந்த நடிப்புத்தான் சேர் களைப்பு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாக இருக்கவில்லை.

அவன் விடைபெற்றுச் சென்றபின் எனக்கு வெகுநேரம் நித்திரை வரவில்லை. அந்தக் காவற்காரனை அவனுக்கு முதன்முதலில் அறிமுகஞ் செய்து வைத்தவன் நானே என்ற எண்ணம் மனத்தை உறுத்தியது.

அவன் உயர்தர வகுப்பிற் படித்த காலத்தில், என் மாணவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு நான் ஒரு திட்டம் வகுத்தேன். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியிற் கட்டங்கள் போடவேண்டும். கட்டம் ஒன்றுக்கு அரைமணி நேரம். அந்த அரைமணியில் என்ன படித்தார், எத்தனை கணக்குச் செய்தார் என்பதை எழுதவேண்டும். திங்கட்கிழமை தோறும் நான் பார்த்துக் கையொப்பம் இடுவேன். முதல் இரு வாரங்கள் திட்டம் நன்றாக நடந்தது போலத் தோன்றியது. ஒரு மாதம் செல்ல எல்லாருடைய கட்டங்களும் ஒரே சீராக நிரம்பத் தொடங்கின. நானும் அதனைக் கண்டு பெருமைப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை இந்தப் பையனுடைய கொப்பியில், மூன்று இரவுகளுக்கு உரிய கட்டங்களிலும் ஒரே கணக்கின் இலக்கந்தான் எழுதப்பட்டிருந்தது. "மூன்று இரவில் ஒரு கணக்கா? மற்றவர்கள் இருபது செய்திருக்கிறார்களே!" என்று வகுப்பின் முன்னே கடிந்துகொண்டேன். அடுத்த வாரம் முதல் அவனுடைய கட்டங்களிலும் இருபது இருபதாகக் கணக்குகள் ஏறின. அவை யாவும் அவன் முன்னரே அறிந்த, இலகுவான கணக்குகள் என்பதை அந்நாளில் நான் கவனிக்கவில்லை.

நேரத்தையும் வேலையையும் கணக்கு வைத்தல் தவறா? அல்லது வைக்கும் முறைதான் தவறா? இக்கேள்வி கந்தோரில் இருப்பவருக்கும், கடை நடத்துபவருக்கும், படிக்கும் பிள்ளைக்கும், அப்பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோருக்கும் உரியது. ஆகவே சற்று விரிவாக ஆராய்வோம்.

நேரம் காத்தல் வேறு, ஆளைக் காத்தல் வேறு

நேரந் தவறாமைக்கு எடுத்துக்காட்டாக நம்மவர் முதலிற் கூறுவது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையே. குறித்த வேளையில் மணி ஒலிக்கும். குறித்த வேளையில் திரை விலகும். இருபத்தைந்து நாள் மகோற்சவத்திலும் எவருக்காகவும் எதுவும் தாமதிப்பதில்லை. பெரிய மனிதர் வரவில்லையே என்று பூசை காத்திருப்பதும் இல்லை.

ஆனால் அங்கே நேரம் எதனைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் அது கட்டுப்படுத்துகிறது. பலர் ஒன்றுகூடிச் செய்யும் கருமம் ஆதலால் யாவரும் ஒரே வேளையில் வந்து சேரவேண்டும்; வடம் பிடிப்போர் ஆளுக்கொரு நேரத்தில் வந்தால் தேர் அசையாது. ஆயினும் நாதசுரக்காரர் ஒரு நிமிடத்தில் எத்தனை சுரம் வாசித்தார் என்றோ, மாலை கட்டுபவர் அரைமணியில் எத்தனை பூத் தொடுத்தார் என்றோ எவரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. அவ்வாறு எண்ணத் தொடங்கினால் மாலையில் முடிச்சுகள் நெகிழும்; இசையில் ஓசைதான் மிஞ்சும்.

வேலைக்குரிய நேரத்தைக் காத்தல் என்பது ஒன்று. வேலை செய்பவனை இமைப்பொழுதும் காவல் காத்தல் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே நான் செய்த பிழை.

சுருட்டுக் கொட்டிலிற் கேட்ட பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காலத்திற் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் சுருட்டுத் தொழில். இங்கு விளைந்த புகையிலையைப் பதப்படுத்தி, கொட்டில்களிற் பலர் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றினர். அச்சுருட்டுகள் தென்னிலங்கைக்குப் பெட்டி பெட்டியாகச் சென்றன. புகையிலை உடலுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. ஆகையால் அத்தொழிலின் விளைபொருளை நான் போற்ற வரவில்லை. அந்தக் கொட்டில்களிலே வேலை நடந்த விதத்தையே இங்கே கூற விரும்புகிறேன்.

கூலி, நேரத்துக்கு அன்று; எண்ணிக்கைக்கு. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. காலையில் வந்தவர் இலையை எடுத்துக் காம்பு நீக்கி, உள்ளிலையை வைத்து, மேலிலையாற் சுற்றி, நுனியைச் சீராக்கி ஒரு பக்கத்தில் அடுக்குவார். தமது அடுக்கு எவ்வளவு உயர்ந்தது என்பதை அவரே காண்பார். மாலையில் எண்ணிக் கொடுப்பார். பிசகானதைக் கணக்கிற் சேர்க்கமாட்டார்கள். அவ்வளவுதான் கணக்கு.

இதனிலும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. சுற்றும் கைகள் ஓய்வதில்லை. ஆனால் செவிகள் சும்மா இருந்தன. ஆகவே கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றையோர் கேட்டுக்கொண்டே சுற்றினர். செய்தி முடிந்தால் தொடர்கதை. அதன்பின் வாதப் பிரதிவாதம். பள்ளிக்கூடத்தில் நீடித்துப் படிக்க வாய்ப்பில்லாத தொழிலாளர் பலர் உலக அரசியலையும் நாவல்களையும் அறிந்துகொண்டது இக்கொட்டில்களிலேதான்.

இந்த வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. கியூபா நாட்டின் தலைநகராகிய ஹவானாவிலே 1865ஆம் ஆண்டில் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வாசிப்பவர் ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து நூல்களை வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். அலெக்சாந்தர் தூமாவின் மொந்தே கிறிஸ்தோ நாவலிலே தொழிலாளர் கொண்ட பற்றினாலேயே புகழ்பெற்ற சுருட்டு வகை ஒன்றுக்கு அப்பெயர் வாய்த்தது என்பர். 1866இல் அங்கிருந்த அரசாங்கம் இவ்வாசிப்பைத் தடைசெய்தது. எனினும் அவ்வழக்கம் மீண்டும் தழைத்தது. அமெரிக்காவின் தம்பா நகரில் 1931இல் முதலாளிகள் வாசிப்பவரை நீக்கியபோது, தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர்.

வாசித்தலைக் கேட்டால் வேலை குறையும் என்று முதலாளி அஞ்சவேண்டியதில்லை. ஏன்? கணக்கு சுருட்டில் இருந்தது. தொழிலாளியின் கண் எங்கே நோக்குகிறது, செவி எதைக் கேட்கிறது என்பதில் இருக்கவில்லை. முடிந்த பொருளை எண்ணினார்கள், மனிதனை எண்ணவில்லை.

தமிழகத்தில் ஏற்றம் இறைத்தவர்களுடைய முறையும் இத்தகையதே. எத்தனை சால் நீர் இறைத்தோம் என்பதை அவர்கள் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடினர். எண்ணுவதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கவில்லை; எண்ணுவதற்காக இறைப்பை நிறுத்தவேண்டியும் இருக்கவில்லை. கணக்கு வேலையைத் தடுக்கவில்லை. வேலையின் களைப்பைக்கூடத் தணித்தது.

ஆயினும் சுருட்டுக் கொட்டிலைச் சொர்க்கம் என்று எண்ணிவிடலாகாது. ஆயிரத்துக்குரிய கூலி குறைவாக இருந்தால், வயிற்றை நிரப்ப இரவிலும் முதுகு வளைந்து சுற்றவேண்டி இருக்கும். எண்ணிக்கைக் கணக்குக்கு நேரத்தின் எல்லை தெரியாது. ஆகவே நேரக் கணக்குக்கும் ஓர் இடம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நிறுத்துக் கடிகாரத்தின் கதை

மனிதனையே நிமிடத்தால் அளக்கும் முறைக்கு இக்காலத்திற் பெரும் செல்வாக்கு உண்டாக்கியவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் வின்சுலோ டெய்லர். விஞ்ஞான முறை முகாமை பற்றிய அவருடைய நூல் 1911இல் வெளிவந்தது. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, வீண் அசைவை நீக்கி, சிறந்த முறை ஒன்றை வகுக்கலாம் என்பது அவர் கொள்கை. இரும்புக் கட்டி சுமப்பவர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமந்தது 12½ தொன். தமது முறையால் அது 47½ தொன்னாயிற்று என்று அவர் எழுதினார். அக்கதையின் சில பகுதிகளைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர் எனினும், உலகெங்கும் முகாமையாளர் அதனை வேதவாக்காகக் கொண்டனர்.

அதே 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மசச்சூசெற்ஸ் மாகாணத்தின் வாட்டர்டவுன் என்னும் இடத்திலுள்ள அரசாங்க ஆயுதசாலையிலே வார்ப்பு வேலை செய்வோரிடம் நிறுத்துக் கடிகாரத்துடன் ஒருவர் சென்று நின்றார். கடிகாரத்தின் முன்னே வேலை செய்யத் தொழிலாளி ஒருவர் மறுத்தார். அவரை வேலையிலிருந்து நீக்கினர். உடனே வார்ப்பாலைத் தோழர்கள் யாவரும் வெளியேறினர். அந்நாட்டுப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. அரசாங்க ஆயுதசாலைகளில் நிறுத்துக் கடிகாரத்தைப் பயன்படுத்தப் பொதுப்பணம் செலவிடலாகாது என்று பின்னர் விதித்தது. அந்தத் தடை 1949 வரை நீடித்தது. தொழிலாளர் வெறுத்தது உழைப்பையன்று; பின்னே நின்று ஒருவன் அளப்பதையே வெறுத்தனர்.

அளப்பது எப்பொழுதும் தீது என்று கூறவும் இயலாது. டெய்லருடைய காலத்தவரான பிராங் கில்பிரெத் என்பவர் இளமையில் தாமே செங்கல் அடுக்கியவர். ஒரு கல்லை வைக்கப் பதினெட்டு அசைவுகள் வேண்டியிருந்ததை அவர் ஏறக்குறைய ஐந்தாகக் குறைத்தார். எவ்வாறு? கல்லையும் சாந்தையும் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கத்தக்க சாரம் ஒன்றை அமைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் தொழிலாளி குனிந்து நிமிரும் துன்பம் நீங்கியது. இங்கே அளவு கோல், தொழிலாளியின் முதுகை அடிப்பதற்குப் பயன்படவில்லை. அம்முதுகைக் காப்பதற்குப் பயன்பட்டது. மருத்துவர் கையிலுள்ள வெப்பமானியும் அளவுகருவிதானே!

பிழையான அளவையின் விளைவைச் சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் நடந்த ஆராய்ச்சி நன்கு காட்டியது. 1931, 1932ஆம் ஆண்டுகளில் அங்கே தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பதினான்கு பேரை ஓர் அறையில் வைத்துக் கவனித்தனர். கூடுதலாகச் செய்தால் கூடுதலான ஊதியம் கிடைக்கும். ஆயினும் அவர்கள் "ஒரு நாளுக்கு இவ்வளவு போதும்" என்று தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டனர். அதனைத் தாண்டியவனைக் கேலி செய்தனர், தோளிற் குத்தினர். அதிகம் செய்தால் மேலிடத்தார் அளவை உயர்த்திவிடுவர் அல்லது ஆட்குறைப்புச் செய்வர் என்பது அவர்கள் அச்சம். ஒரு நாள் மிஞ்சிய வேலையை மறுநாட் கணக்கிற் காட்டி, நாள்தோறும் ஒரே சீரான எண்ணிக்கையைக் கொடுத்தனர்.

இதனைப் படித்தபோது என் மாணவருடைய கட்டங்கள் ஒரே சீராக நிரம்பிய காட்சி என் கண்முன் வந்தது. அச்சத்தின் முன்னே கணக்கு எப்பொழுதும் சீராகத்தான் இருக்கும், உண்மையாக இருக்காது.

நம் நாட்டுக் கணக்குகள்

அமெரிக்கா வரை செல்லாமலே நம் நாட்டிலும் சான்று காணலாம். இலங்கையில் 1869இல் வித்தியாபகுதி அமைக்கப்பட்டபின், பாடசாலைகளுக்குரிய நன்கொடைப் பணம் மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றைப் பொறுத்து வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் 1862இல் ஏற்பட்ட முறையின் சாயல் அது. வித்தியாதரிசி வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் எண்ணிலும் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம். இங்கிலாந்தில் கவிஞர் மாத்தியூ ஆர்னல்ட் தாமே வித்தியாதரிசியாக இருந்தவர். இம்முறை கல்வியை இயந்திரமாக்குகிறது என்று அவர் கண்டித்தார். பரீட்சிக்கப்படுவது மாத்திரமே படிப்பிக்கப்படும்; பரீட்சிக்க இயலாத விவேகமும் சுவையும் ஒதுக்கப்படும். இன்று நம் பிள்ளைகள் முந்திய வினாத்தாள்களைத் தின்று செமிக்கும் காட்சியைப் பார்க்கையில் அந்தக் காலம் முற்றாகப் போய்விட்டது என்று கூற என் மனம் துணியவில்லை.

மலையகத் தோட்டங்களின் கணக்கு இதனிலும் கடுமையானது. காலையிற் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவர். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துச் செக்ரோலில் ஏற்றுவர். குறித்த நிறை குறைந்தால் "அரைப்பேர்". அதாவது நாள் முழுதும் மலையேறி நின்றவருக்கு அரைநாட் சம்பளம். மழையோ வெயிலோ, செடியிற் கொழுந்து இருந்ததோ இல்லையோ, தராசு அதனைக் கேட்பதில்லை. நல்ல தேயிலைக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஆனால் நிறை ஒன்றையே கண்டிப்பாகக் கேட்டால், முற்றிய இலையும் கூடைக்குள் வரத்தானே செய்யும்?

அண்மையில் நடந்த ஒன்றையும் கூறலாம். 2025 ஆகஸ்ட் மாதத்திலே தபால் ஊழியர் ஏறக்குறைய ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். மேலதிக நேரக் கொடுப்பனவும், வரவைக் கைவிரல் அடையாளத்தாற் பதியும் இயந்திரமும் அப்பூசலில் முக்கிய இடம் பெற்றன. பொதுப்பணத்தில் ஊதியம் பெறுவோர் வேளைக்கு வந்து கடமை செய்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை; வேலைக்கு வராதவரின் பாரம் வந்தவரின் தலையிலன்றோ விழுகிறது! ஆனால் அந்த இயந்திரம் கந்தோருக்கு வந்ததை மாத்திரமே அறியும். வந்தவர் சன்னலின் முன்னே காத்து நிற்கும் முதியவரை விரைந்து கவனித்தாரா, முகங்கொடுத்துப் பேசினாரா என்பதை அது அறியாது. விரலை வைத்துவிட்டு வெளியே செல்பவரும் உண்டு. கடிகாரம் பாராமற் கடமை செய்பவரும் உண்டு. இருவரும் இயந்திரத்துக்கு ஒன்றே.

நேரக் கணக்கு உழைப்பாளிக்கு அரண்

இவ்வளவும் கூறியதனால், கணக்கையே கைவிடலாம் என்பது என் கருத்தன்று. வேலை நேரத்தை எண்ணவேண்டும் என்று உலகில் உரத்துக் கேட்டவர்கள் தொழிலாளரே. 1886 மே மாதத்தில் சிக்காகோ முதலிய நகரங்களில் எழுந்த கோரிக்கை, நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்பது. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1919இல் நிறைவேற்றிய முதலாவது உடன்படிக்கையே வேலை நேரத்தின் எல்லையைப் பற்றியது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணியும் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணியும் என எல்லை வகுத்தது. மேலதிகமாகச் செய்த வேலைக்குக் கூலி கேட்கவேண்டுமாயின், செய்த நேரம் எழுத்தில் இருத்தல் வேண்டும். கணக்கில்லாத இடத்தில் வலியவன் சொல்வதே கணக்கு.

நம் இல்லங்களையே பாருங்கள். தாய்மார் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவது முதல், இரவிற் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை செய்யும் வேலைக்கு ஏதேனும் கணக்கு உண்டா? ஒரு வாரத்துக்கு அதனை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்படி குடும்பத்தாருக்கு நான் கூறுவேன். தாயை விசாரிப்பதற்காக அன்று. அவ்வேலையில் எவற்றைத் தந்தையும் பிள்ளைகளும் ஏற்கலாம் என்று அறிவதற்காக. அத்தகைய கணக்கு அன்பைக் குறைக்காது.

எனவே, ஒரே கணக்கு அரணாகவும் அமையலாம், சாட்டையாகவும் அமையலாம். அது யார் கையில் இருக்கிறது, எதற்காக எழுதப்படுகிறது என்பனவே அதனைத் தீர்மானிக்கின்றன.

என்ன செய்யலாம்?

பிறர் அனுபவத்தையும் என் பிழையையும் சேர்த்து ஆராய்ந்ததில் எனக்குப் புலப்பட்டவை சில.

முதலாவது, அசைவை எண்ணாது முடிவை எண்ணுதல் வேண்டும். கடிதம் எழுதப்பட்டதா, கணக்கு ஒப்புப் பார்க்கப்பட்டதா, மதில் எழுந்ததா என்பதே கேள்வி. சிலவற்றின் முடிவு ஒரே நாளில் தெரியாது. பயிர் வைத்தவன் நாள்தோறும் கிழங்கைக் கிளறிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, கணக்கெழுதும் வேளை வேலையின் இயல்பான தரிப்பிடமாக இருத்தல் வேண்டும். ஒரு பகுதி முடிந்தபோது எழுதலாம். நாளின் முடிவில் எழுதலாம். ஆழ்ந்து சிந்திப்பவனைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி, "இப்பொழுது என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், "உமக்குப் பதில் சொல்கிறேன்" என்பதே அவனுடைய உண்மையான விடையாக இருக்கும்.

மூன்றாவது, கணக்கு சுருக்கமாக இருத்தல் வேண்டும். வேலையைப் பற்றி எழுதுவதே ஒரு வேலையாகிவிடலாகாது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது அனுபவம். இடாப்புகளும் படிவங்களும் பெருகப் பெருக, பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் நேரம் சுருங்குகிறது.

நான்காவது, கணக்கைத் தண்டனைக்குப் பயன்படுத்தலாகாது. ஒரு முறை தண்டித்துவிட்டால் அதன்பின் உண்மையான கணக்கு நம் கைக்கு வராது. "ஏன் தாமதம்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எங்கே தடைப்பட்டது? நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கும் மேலாளனுக்கே மெய்யான கணக்குக் கிடைக்கும். திருக்குறளில் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரம் உண்டு. தக்கவனை ஆராய்ந்து தேர்ந்து, அதன்பின் அவனிடம் வேலையை ஒப்புவிக்கும் நெறியை அது வகுக்கிறது. ஆராய்ச்சி தேர்வதற்கு முன்னே நடக்கவேண்டியது. தேர்ந்தபின்னும் நிமிடத்துக்கு நிமிடம் ஆராய்பவன், தன் தேர்விலேயே நம்பிக்கை இல்லாதவன்.

ஐந்தாவது, இயன்ற அளவு கணக்கை வேலை செய்பவனே எழுதுதல் வேண்டும். தன் நேரம் எங்கே செல்கிறது என்று தானே காணும்போது மனிதன் திருந்துகிறான். பிறன் காட்டும்போது சாட்டுச் சொல்கிறான்.

மாணவருக்கு ஒரு சொல். கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் படிப்பு வந்துவிடாது. இரவு படுக்குமுன் ஒரு சிறு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். இன்று எதனை முடித்தேன்? எங்கே தடைப்பட்டேன்? நாளை முதலில் எதனைச் செய்வேன்? இதற்கு இரண்டு நிமிடம் போதும். அதை எவருக்கும் காட்டவேண்டியதில்லை. பெற்றோரும் அதைத் திறந்து பார்க்கவேண்டாம். இன்று என் வகுப்பில் நான் கையொப்பம் இடுவதில்லை. திங்கட்கிழமைகளில் "எங்கே தடைப்பட்டீர்கள்?" என்று மாத்திரம் கேட்கிறேன். முதலில் வகுப்பு மௌனமாக இருந்தது. இப்பொழுது கைகள் உயர்கின்றன. முன்னைய கட்டங்களில் நான் ஒருபோதும் காணாத சங்கதிகள் வெளிவருகின்றன.

மீண்டும் அந்த மாணவன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் வந்தான். தன் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தானாம். திரையைப் படம் பிடிப்பதற்குப் பதிலாக, நாள்தோறும் மாலையில் முடித்ததையும் தடைப்பட்டதையும் எழுதி அனுப்புவதாகவும், வாரமுடிவில் வேலையை வைத்தே மதிப்பிடும்படியும் கேட்டிருந்தான். ஒரு மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று பதில் வந்திருக்கிறது. அந்த மாதம் இன்னும் முடியவில்லை. முடிவு எப்படியோ, கேட்கும் துணிவு அவனுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

அப்பொழுது, பல ஆண்டுகளாகச் சொல்லாதிருந்ததைச் சொன்னேன். "தம்பி, அந்த மூன்று இரவுக் கணக்குக்காக வகுப்பின் முன்னே உன்னைக் கடிந்தேனே, அது என் பிழை."

அவன் தலை குனிந்து சிரித்தான். இம்முறை அது பழைய சிரிப்பு.

"மூண்டாம் நாள் ராத்திரி விடை வந்தது சேர். அதை எழுதக் கட்டந்தான் இருக்கேல்லை."